இடது பொத்தானில் ஒரு மரத்துண்டு

எனக்கு நகைச்சுவை பிடிக்கும். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்தில் பதினெட்டு வருடமாக நான் மேற்பார்வையாளர். குறை கண்டால் வாயால் சொல்ல மாட்டேன். பொருள், பார்வை போட்டுக் கடிதம் எழுதி, நகல் எடுத்துக்கொண்டு, அறிவிப்புப் பலகையில் குத்துவேன். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருந்தவன் என் மனைவியின் தம்பி. அதில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை கத்திக்கடியில் மாட்டக் கூடாதென்று அந்த ஏற்பாடு. அவன் இடது பொத்தானில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் வேலை பார்த்தான். கடிதம் எழுதினேன்.

மறுநாள் அதன்மேல் அவன் கடிதம் இருந்தது. "பொருள்: என் பத்து விரல்கள். பார்வை: மாமாவின் மூக்குக்கண்ணாடி வழியாக. ஐயா, மேற்படி விரல்கள் முன் அனுமதியின்றி மூக்கு நோண்டுவதாகத் தெரியவருகிறது..." சாப்பாட்டு வேளையில் என் குரலிலேயே, நான் இருமும் இடத்தில் இருமி, வாசித்துக் காட்டினான். பைண்டிங் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளியே, "இன்னொரு தடவை படிடா" என்றார்.

"சும்மா தமாசுக்கு மாமா. மனசுல வெச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மனைவியிடம் என்ன காய் வாங்க வேண்டும் என்று கேட்டேன். "மூணு நகலா எழுதிக் குடுங்க, பாத்து சொல்றேன்" என்றாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதன்பின் என் எந்தக் கடிதத்தையும் யாரும் இரண்டாவது வரியைத் தாண்டிப் படிக்கவில்லை. அதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

வியாழக்கிழமை, சாப்பாட்டு வேளை முடிந்ததும், அவன் குனிந்து கத்திக்கடியில் தாள்களைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தான். திடுக்கிடக் கூடாதென்று அவன் தோளில் இடது கையை வைத்தேன்.

"கூசுது மாமா, கைய எடுங்க."

வலது கையால் வலது பொத்தானை அழுத்தினேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டும். ஐந்நூறு தாளை ஒரே இறக்கில் வெட்டும் கத்திக்கு எலும்பு ஒரு பொருட்டில்லை. அவன் உடனே கத்தவில்லை. கீழே கிடந்தவற்றை எடுக்கப் போகிறவன் மாதிரி இரண்டு முழங்கைகளையும் நீட்டினான். எடுக்க முடியவில்லை என்று தெரிந்த பிறகே கத்தினான்.

விபத்து அறிக்கையை நானே எழுதினேன். முதலாளி கடைசி வரிவரை படித்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான் அழுத்தியது ஒரு பொத்தானைத்தான். ஆகவே என் பங்கு பாதி. மரத்துண்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் வாசித்துக் காட்டிய அன்று மாலையே அதைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டான். "இந்தாங்க மாமா, நீங்க சொன்னது சரிதான்" என்றான். வியாழக்கிழமை அவன் சாப்பிடப் போயிருந்தபோது அதைத் திரும்பச் செருகியவன் நான். செருகாவிட்டால் என் கடிதம் பொய்யாகியிருக்கும்.