ஒண்ணுமில்லம்மா

வகுப்பில் தூங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிற பெண்கள், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தால் கண் சொருகத்தான் செய்யும். எனக்கு ஆத்திரம் வந்ததெல்லாம் விழித்திருந்தவர்கள் மேல்தான். தலையைத் தலையை ஆட்டுவார்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்பார்கள். வெளியே போனதும் பழையபடிதான்.

ஊசி எப்படிப் போடுவது என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இருக்கிறார், சார். போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதைச் சொல்லிச் சம்மதம் கேட்பது, வேண்டாம் என்றால் என்ன செய்வது, இதெல்லாம் என் பாடம். கேட்க நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரியில் இதற்கு ஒதுக்கிய இடம், படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கிற அறை.

என் எதிரி ஒரே ஒரு வார்த்தை. ஒண்ணுமில்லம்மா. என்ன மாத்திரை இது என்று நோயாளி கேட்டால் ஒண்ணுமில்லம்மா. எதற்கு ரத்தம் எடுக்கிறீர்கள் என்றால் ஒண்ணுமில்லய்யா. வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்றாலும் ஒண்ணுமில்லதான். அது பதில் இல்லை, மனிதர்களின் வாயை அடைக்கிற வேலை என்று கரடியாகக் கத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நர்ஸை எல்லாரும் மின்னல் என்று கூப்பிடுவார்கள். காபி ஆறுவதற்குள் ஒரு வார்டுக்கே ஊசி போட்டு முடித்துவிடுவாள். அவள்தான் வகுப்பில் எழுந்து சொன்னாள்.

"டீச்சர், ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து வெளக்கம் சொன்னா, கடைசி பெட்டுக்கு நான் போறதுக்குள்ள அவரு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போயிருப்பாரு."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். தொண்டைத் தண்ணி வற்றப் பேசி இவர்களுக்கு ஏறாது, கண்ணால் பார்த்தால்தான் ஏறும் என்று அப்போது தோன்றியது.

அந்த வாரம் தையல்காரம்மா ஒருவர் காலில் புண் சீழ் பிடித்துப்போய் வந்து சேர்ந்தார். நான் நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசுகிறவள். காய்ச்சல் மயக்கத்தில் டாக்டரிடம் சொல்ல விட்டுப்போனதை அவர் என்னிடம் சொன்னார்.

"பென்சிலின் எனக்கு ஆகாதும்மா. ஒரு தடவ போட்டு, தொண்ட அடச்சு, செத்துப் பொழச்சேன். டாக்டர்கிட்ட சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேம்மா" என்றேன்.

டாக்டர் பென்சிலின் எழுதினார். நான் சொல்லவில்லை.

ஏற்பாடு எதுவும் இல்லாமல் இறங்கிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சடைத்தால் உடனே போட வேண்டிய மருந்து ஒன்று உண்டு. வார்டின் அவசரத் தட்டில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். பதற்றத்தில் இந்தப் பெண்கள் தட்டைக் கவிழ்த்தாலும் கவிழ்ப்பார்கள். என்னிடம் இருப்பதுதான் பத்திரம்.

மின்னல் ஊசியோடு வந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"என்ன ஊசிம்மா இது?" என்று கேட்டார் தையல்காரம்மா.

ஒரு மனுஷி இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியுமா? இன்றைக்காவது பதில் சொல்லேன் பெண்ணே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லம்மா, கைய நீட்டுங்க."

தையல்காரம்மா என்னைப் பார்த்தார். டாக்டரிடம் சொல்லியாயிற்றா என்கிற பார்வை. நான் ஆமாம் என்று தலையசைத்தேன். உடனே கையை நீட்டிவிட்டார்.

தலையசைத்திருக்கக் கூடாது என்பீர்கள். நான் குறுக்கே புகுந்து தடுத்திருந்தால் பதிலை நானே சொன்னதாகிவிடும். டீச்சர் சொல்லிக்கொடுத்த பதில் எந்த மாணவிக்கும் மனதில் நிற்காது.

கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. மின்னல் தட்டைப் பார்த்தாள், மருந்து இல்லை. பக்கத்து வார்டுக்கு ஓடினாள், அங்கே மருந்து அலமாரி பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டீச்சர், இவங்களுக்கு இந்த மருந்து ஆகாதா டீச்சர்?"

அவள் வாயிலிருந்து முதல்முறையாகச் சரியான கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவங்ககிட்டயே கேளும்மா" என்றேன்.

குனிந்து கேட்டாள். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் தெரியுமா? அதற்குள் அந்த அம்மாவால் பேச முடியாமல் போய்விட்டது. மருந்து என் பையில்தான் இருந்தது. மின்னலுக்கு முழுதாகப் புரியட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்தது கொஞ்சம் கூடிப்போயிற்று.

அந்த அம்மாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மின்னலை விட்டுவிடுங்கள். இனி அவள் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள். இத்தனை வருடத்தில் ஒழுங்காகப் பாடம் படித்தவள் அவள் ஒருத்தி. அவளையும் நீங்கள் உள்ளே வைத்துவிட்டால் நான் பட்ட பாடெல்லாம் வீண்தானே?

காலையிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னீர்களா, சம்மதமா என்று கேட்டீர்களா என்று. எனக்குச் சலித்துப்போயிற்று, சார். நோயாளியிடம்தான் சம்மதம் கேட்க வேண்டும். அன்று அந்தக் கட்டிலில் இருந்தது என் பாடம்.