உச்சமுனையில் ஒலித்த குரல்

விழாத் தலைவர் லத்தீப் ஹாஜியார் அவர்களே! கதிரை போதாமல் நின்றுகொண்டும் முகம் சுளிக்காத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்று யோசித்தபடி அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உச்சமுனையிலிருந்து படகேறி வந்த கடற்றொழிலாளத் தோழர்களே! கற்பிட்டிக் காற்று யாரையும் விட்டுவைக்காமல் தொடுவதுபோல, இறைவனின் சாந்தி உங்கள் எல்லோரையும் தொடட்டும்.

பாடச் சொன்னால் பாடிவிடுவேன், பேசச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் இசைக்குழுவின் பத்தாவது ஆண்டு விழாவிலே, உச்சமுனைக் கடற்றொழிலாளர் சங்க விழாவில் பாடிய பாட்டுக்காக எனக்குப் பொன்னாடை போர்த்த ஹாஜியார் எழுந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பாட்டைப் பற்றி ஓர் உண்மை சொல்ல வேண்டும். கேட்டபின் பொன்னாடை யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

முன்னணிப் பாடகன் என்பவன் யார்? ட்ரம்ஸைத் தூக்க மாட்டான், முதுகு பிடித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியைத் தூக்க மாட்டான், மூச்சு வாங்கும். மற்றவர்கள் வியர்வையில் குளிக்க, இவன் கழுத்திலே துவாய் சுற்றிக்கொண்டு கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பான். பாட்டு நன்றாக அமைந்தால் குரல் அவனுடையது. பிசகினால் பிழை கீபோர்டினுடையது. பின்வரிசைத் தம்பிமார் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பத்து வருடம் சுமந்த உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

அன்று உச்சமுனைக்குப் படகில் போகிறோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று சுழற்றி அடிக்கிறது. இந்தக் கரையில் பிறந்தவன் கச்சானுக்கு முன்னால் வாயைத் திறப்பானா? நான் திறந்தேன். படகின் முன்முனையில், அணியத்தில் நின்று, காற்றை எதிர்த்து, கடலுக்கே கச்சேரி வைத்தேன். படகோட்டி இரண்டு தடவை உட்காரச் சொன்னார். பாடகனுக்குப் படகோட்டி புத்தி சொல்வதா? இன்னும் உரத்துப் பாடினேன். கரை வந்தது, கூட்டம் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

அப்போதுதான் அஸாம் பக்கத்தில் வந்தார். யார் அஸாம் என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்விதான் என் வெட்கம். பத்து வருடமாக எனக்குப் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடுகிறவர். "நீங்க முன்னுக்கு நில்லுங்க, சுஹைர் நானா. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால நிண்டு பாடுறன். சனம் உங்களத்தான் பாக்கும்" என்றார்.

அவர் பாடினார். நான் அணைத்துவைத்த மைக்கைப் பிடித்து வாயை அசைத்தேன், கையை வீசினேன், கண்ணை மூடி உருகினேன். கைதட்டியபோது குனிந்து வணங்கியவனும் நான்தான். அந்தப் பாட்டுத்தான் இன்று உங்கள் கைபேசிகளில் ஊர் ஊராகப் போகிறது. குரல் பழுத்துவிட்டது என்று பாராட்டினீர்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று தலையை ஆட்டினேன். பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

வீட்டிலே என் மனைவி மர்ஷூதா மட்டும் ஏமாறவில்லை. ஒருமுறை கேட்டுவிட்டு, "இது நீங்க இல்ல. இவ்வளவு நல்லா நீங்க ஒருநாளும் பாடினதில்ல" என்றார். ஓம், தாய்மார்கள் கைதட்டுவது கேட்கிறது.

ஆனால் சகோதரர்களே, சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. போன கிழமை வண்ணாத்திவில்லில் அஸாமுடைய மனைவி வீட்டார் அந்தப் பாட்டைப் போட்டு, இதைப் பாடும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று அவரிடம் கேட்டார்களாம். பெட்டிக்குப் பின்னால் என்றாராம். அவருடைய மனைவி அஸ்ரியா இதை என் மனைவியிடம் சொன்னார். தன் குரலைத் தன் மாமனார் வீட்டிலேயே இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மனிதன் வாய்மூடி இருந்திருக்கிறான். யாருக்காக? எனக்காக! நான் எடுத்தது அவருடைய பாட்டை மட்டுமா? அவருடைய பெயரையும் அல்லவா எடுத்தேன்!

ஆகவே அவையோரே, உச்சமுனையில் ஒலித்த குரல் அஸாமின் குரல்! உங்களை உருக வைத்த குரல் அஸாமின் குரல்! இந்தப் பொன்னாடையும் அஸாமுக்கே! ஹாஜியார், இப்போது எழும்பலாம்.

அஸாம், தலையை ஆட்டாமல் நடுவுக்கு வாங்க. கை நடுங்குதா? பத்து வருஷமா எனக்கும் இந்த இடத்தில நடுங்கினதுதான். அதை மறைக்கத்தான் கையை வீசிக்கொண்டு நிண்டன். இந்தாங்க மைக். இந்தமுறை ஓன் பண்ணித்தான் இருக்கு.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அடுத்த பாட்டை அஸாம் பாடுவார். பெட்டிக்குப் பின்னாலிருந்து பின்பாட்டுப் பாடப்போவது சுஹைர் ஆகிய நான். அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.