எறங்கிட்டுத்தான் போகணும்

மணி பதினொன்னு நாப்பது. மெர்சிங்லேருந்து கோத்தா திங்கி வர்ற ரோடு. ரெண்டு பக்கமும் செம்பனை... லைட்டு கம்பமே கெடையாது. முன்னாடி காடி இல்ல. பின்னாடியும் இல்ல. இதே ரோட்டுல நடந்ததத்தான் சொல்லப் போறேன்.

ஜீவன், நீ அந்த டிரைவ் துரூ லைன்ல நுழையாத. ஓரமா நிறுத்து. எஞ்சின் ஓடட்டும். பசிக்குதுன்னு தெரியுது லா, எனக்கும்தான் பசிக்குது. ஆனா நாம எங்கேருந்து வர்றோம்? சாவு வீட்டுலேருந்து. மழை பெய்யுது, உள்ள போனா நனைஞ்சிடுவோம், டிரைவ் துரூதான் வசதின்னு சொல்ற. சரி. நான் சொல்றத கேளு, அப்புறம் முடிவு பண்ணு. லோஷினி, இப்படி கிட்ட வா. கத்தி பேச மாட்டேன்.

இது ரூபினியோட அண்ணனுக்கு நடந்தது. ஸ்கூடாய்ல என்கூட ஒரே ரூம்ல இருந்தாளே, அந்த ரூபினி. அண்ணன் பேரு தீபன், பாசிர் கூடாங்ல ஷிப்ட் வேலை. அண்ணி பிரவீனா. மூனு வயசுல ஒரு பாப்பா.

மெர்சிங்ல அண்ணனுக்கு அத்தை முறை, வெள்ளையம்மான்னு, தவறிட்டாங்க. மறுநாள்தான் எடுக்குறாங்க. இவருக்கு காலையில ஷிப்ட். அதனால ராத்திரியே கெளம்பிட்டாங்க. பாப்பா பின்னாடி அவளோட சீட்டுல, எடது பக்கம், பெல்ட் போட்டு நல்ல தூக்கம். நடு சீட்டுல துணி பேக்கு. வலது சீட்டு காலி. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன்னா அது புது காடி. பின்னாடி யாராச்சும் உக்காந்து பெல்ட் போடலன்னா முன்னாடி செவப்பு லைட்டு வரும்... டிங், டிங், டிங்னு கத்தும். போட்டுட்டா சத்தம் போடாது.

மெர்சிங் தாண்டி பத்து நிமிசம். டிங், டிங், டிங். நடு சீட்டு லைட்டு.

"பேக்கு கனமா இருக்கு போல, எடுத்து மடியில வை"ன்னாரு அண்ணன். அண்ணி எடுத்து வச்சுக்கிட்டாங்க.

டிங், டிங், டிங்.

அண்ணனுக்கு பேய் பிசாசு மேல எல்லாம் சந்தேகமே வராது. அவருக்கு சந்தேகம் எல்லாம் மனுசங்க மேலதான். கடைக்காரன் ஏமாத்துவான், பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிங்க புடிச்சுக்குவான்... அப்படி ஒரு ஆளு. "போன வாரம் சர்விஸ்ல என்னமோ நோண்டி விட்டுட்டானுங்க, பாரு"ன்னுட்டு ரேடியோ சத்தத்த கூட்டிட்டாரு.

அண்ணி ரேடியோவ அணைச்சாங்க. "வழியில எங்கயாச்சும் எறங்கிட்டு போகணும். அம்மா சொல்லி விட்டாங்க."

உங்களுக்கும் தெரியும்ல? சாவு வீட்டுலேருந்து நேரா வீட்டுக்கு போகக் கூடாது. மாமாக் சாப்பாட்டு கடையோ பெட்ரோல் ஸ்டேஷனோ, எங்கயாச்சும் எறங்கி நடந்துட்டு போகணும். கூட எதாச்சும் வந்திருந்தா அதுவும் எறங்கும், அந்த கூட்டத்துல அப்படியே நின்னுடும். நம்மாளுங்க மட்டும் இல்ல, சீனவங்களும் இப்படித்தான் செய்றாங்க.

கோத்தா திங்கிக்கு முன்னாடி ஒரு கோழி கடை. பேரு சொல்ல மாட்டேன். அந்த நேரத்துல தொறந்திருந்தது அது ஒன்னுதான். அண்ணன் நேரா டிரைவ் துரூ லைன்ல விட்டாரு.

"எறங்கணும்னு சொன்னேன்ல"ன்னாங்க அண்ணி.

"நிறுத்துனா போதாதா? பாப்பா தூங்குது. அவள எழுப்பி, தூக்கி, உள்ள போயி, அழுதான்னா நீயா பாத்துக்குவ? இதுல உக்காந்த எடத்துக்கே வந்துரும். எவ்வளவு வசதி."

"வசதி வசதின்னு ஒரு நாளு கல்யாண வீட்டுக்கே டிரைவ் துரூல போயி மொய் வச்சிட்டு வரப்போறீங்க."

"நடந்தா நல்லாதான் இருக்கும்"னு சிரிச்சாரு.

ஆர்டர் எடுக்குற பெட்டி கிட்ட நிறுத்தி ஜன்னல எறக்குனாரு. கர்ர்ர்ருன்னு சத்தம். அப்புறம் ஒரு பையனோட குரல், மலாய்ல, வாங்கன்னான். அண்ணன் ஆறு பீஸ் கோழி, ரெண்டு தண்ணின்னு சொன்னாரு. கர்ர்ர்... அப்புறம் அவன், அண்ணேங்கற மாதிரி பாங்னு கூப்புட்டு, சொல்றான்.

"பாங், ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. எல்லாரும் ஒன்னா பேசுனா எனக்கு வெளங்கல."

காடிக்குள்ள அண்ணன தவிர யாரும் வாயே தொறக்கல.

அண்ணி அவரு கைய புடிச்சாங்க. அவரு என்ன நெனைச்சாரு தெரியுமா? எதாச்சும் கூட சேத்து விக்கப் பாக்குறான்னு. "ஆறு பீஸ். அவ்வளவுதான்"னு கொஞ்சம் கடுப்பா சொல்லிட்டு முன்னாடி போயிட்டாரு.

ஜன்னல் கிட்ட அந்த பையன் நிக்கிறான். இருவது வயசு இருக்கும். பொரிச்ச எண்ணெய் வாடை... அது வரும், கோழி கடைதானே. அதுக்குள்ள ஊதுபத்தி வாடை. சரி, நம்ம துணியிலேருந்து வருதுன்னு நெனைச்சாரு. அடுத்து காகிதம் எரிஞ்ச வாடை, சீனவங்க சாவுக்கு எரிப்பாங்களே, அது. அப்புறம் கற்பூரம். அப்புறம் மெழுகுவத்திய ஊதி அணைச்சா வருமே ஒரு புகை... அது. ஒன்னு போயி ஒன்னு. வரிசையில நின்னு உள்ள வர்ற மாதிரி.

பையன் பைய நீட்டுனான். உறிஞ்சுற குழாய் எத்தன போடணும்னு பாக்க, எப்பவும் செய்ற மாதிரி, குனிஞ்சு பின் சீட்ட பாத்தான். கை அப்படியே நின்னுடுச்சு.

"பாங்... சாவு வீட்டுலேருந்து வர்றீங்களா?"

"துருன் செக்கெஜாப், பாங்." கொஞ்ச நேரம் எறங்குங்கன்னு கெஞ்சுறான். "உள்ள வந்துட்டு போங்க. இந்த ரோட்டுல வர்றவங்க எல்லாரும் இங்கதான் எறக்கி விட்டுட்டு போவாங்க. நீங்க எறங்காம ஜன்னல மட்டும் தொறந்து வச்சிருக்கீங்க..."

இப்ப நீங்களே சொல்லுங்க. நட்ட நடு ராத்திரி. பொண்டாட்டி, புள்ள கூட இருக்கு. எவனோ ஒருத்தன் காடிய விட்டு எறங்குங்கறான். ஜொகூர்ல வளர்ந்தவன் எவன் எறங்குவான்? அண்ணன் கண்ணு அங்க ஓரமா நின்ன மோட்டார் மேல போச்சு. ரெண்டு ஹெல்மெட்டு. யாரையும் காணோம். இவனோட கூட்டாளிங்க எங்கயோ ஒளிஞ்சிருக்கானுங்கன்னு முடிவே பண்ணிட்டாரு. பைய புடுங்கி அண்ணி மடியில போட்டாரு. ஜன்னல் சுவிட்ச அமுத்துனாரு.

பாதி ஏறி நின்னுடுச்சு. டக். டக். டக். நடுவுல யாரோ கைய வச்ச மாதிரி.

காடி பின்பக்கம் மெல்ல அமுங்குச்சு. ஒரு தடவ. அப்புறம் இன்னொரு தடவ. அப்புறம் நாங்க எண்ணலன்னு அண்ணி சொன்னாங்களாம்.

ஜன்னல் மூடிக்கிச்சு. அண்ணன் எண்ணெய மிதிச்சு காடிய கெளப்புனாரு.

ரோட்டுக்கு வந்தாச்சு. டிங், டிங், டிங். நடு சீட்டு லைட்டு. வலது சீட்டு லைட்டு. ரெண்டும் எரியுது. இப்ப அண்ணன் யார் மேலயும் சந்தேகப்படல.

கண்ணாடியில பின்னாடி பாத்தாரு... ரோடு தெரியல. பின் கண்ணாடி முழுக்க ஆவி. நாம பத்து பேரு ஒரு காடில அடைச்சு உக்காந்தா உள்ளேருந்து படியுமே, அந்த மாதிரி. முன் கண்ணாடியில ஒரு சொட்டு இல்ல.

அப்பதான் பாப்பா பேசுனா. தூக்கத்துல, சிணுங்கிக்கிட்டே.

"அம்மா... நெருக்குறாங்க. தள்ளிக்க சொல்லு."

அண்ணி கைபேசி லைட்ட போட்டு திரும்பி பாத்தாங்க. பாப்பா சீட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கா. கன்னம் ஜன்னல் கண்ணாடியில அழுந்தி சப்பையா இருக்கு. பக்கத்துல யாரும் இல்ல. ஆனா கன்னம் இன்னும் அழுந்துது... இன்னும் கொஞ்சம்...

"திருப்புங்க." அண்ணி கத்தல. மெல்லத்தான் சொன்னாங்க. "திருப்புங்க, என் புள்ளைக்கு மூச்சு முட்டுது."

அண்ணன் நடு ரோட்டுல அப்படியே காடிய திருப்புனாரு. கடைக்கு திரும்பி வந்தா உள்ள லைட்ட அணைச்சாச்சு. நாற்காலிய எல்லாம் மேசை மேல கவுத்தாச்சு. டிரைவ் துரூ மட்டும்தான் ஓடுது. கண்ணாடி கதவு பூட்டியிருக்கு. அண்ணன் கதவ தட்டுறாரு, தட்டுறாரு... அண்ணி புள்ளைய தூக்கி தோள்ல போட்டுக்கிட்டு பின்னாடியே நிக்கிறாங்க. புள்ள கனக்குதாம். மூனு வயசு புள்ள அவ்வளவு கனக்குமான்னு அப்ப யோசிக்கலையாம்.

அந்த பையன் சாவியோட வந்தான். ஒன்னுமே கேக்கல. கதவ தொறந்து விட்டு தள்ளி நின்னான்... அவங்க ரெண்டு பேரும் உள்ள வந்ததுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் கதவ மூடாம புடிச்சுக்கிட்டே இருந்தானாம். கூட யாரோ வர்ற மாதிரி. அப்புறம் மூடுனான்.

மொகம் கழுவ சொன்னான். இந்த கதவுல வந்தீங்க, அந்த கதவுல போங்கன்னான். அண்ணன் அவன் கைய புடிச்சுக்கிட்டு மாஃப், மாஃப்னு மன்னிப்பு கேட்டாராம். அந்த மனுசன் ஒருத்தன்கிட்ட மன்னிப்பு கேட்டாருன்னு ரூபினி சொன்னப்ப, அதத்தான் நான் முதல்ல நம்பல.

வெளிய வந்தா பின் கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. பாப்பாவ அவ சீட்டுல உக்கார வச்சு பெல்ட் போட்டாங்க. அண்ணன் எஞ்சின போட்டாரு. லைட்டு இல்ல. சத்தம் இல்ல. பாசிர் கூடாங் வரைக்கும் ஒரு டிங் கூட இல்ல. அண்ணி அழுதுட்டாங்க.

கதை முடிஞ்சதுன்னு நெனைச்சுதான் ரூபினி கிட்ட சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சு. ரூபினி எல்லாத்தையும் கேட்டுட்டு ஒன்னே ஒன்னுதான் கேட்டா.

"அண்ணி, பாப்பா எறங்குனாளா?"

"எறங்குனாளே. தூக்கிட்டு..."

அண்ணி அங்கேயே நிறுத்திட்டாங்க.

நீங்க யோசிங்க. அண்ணன் கால் தரையில பட்டுச்சு. அண்ணி கால் பட்டுச்சு. பாப்பா? தூக்கத்துலயே தோள்ல போனா, தோள்லயே வந்தா. சீட்டுல பெல்ட் போட்டு உக்கார வச்சாங்க. பெல்ட் போட்ட சீட்டுக்குத்தான் அந்த காடி சத்தம் போடாதே... அதுல எத்தன பேரு உக்காந்தாலும்.

ஜீவன், சிரிக்காத. போன மாசம் நான் அவங்க வீட்டுக்கு போயிருந்தேன். பாப்பாவுக்கு தனியா கட்டில் போட்டிருக்காங்க, நல்ல பெருசு. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தப்ப கதவு தொறந்திருந்துச்சு, பாத்தேன். செவுத்தோட செவுரா, ஒருக்களிச்சு, ஒட்டிக்கிட்டு படுத்திருக்கா. கன்னம் செவுத்துல அழுந்தி இருக்கு. மெத்தை முழுக்க காலி. நான் போயி, நடுவுல வந்து படுடா செல்லம்னு மெல்ல இழுத்தேன்.

அவ கண்ண தொறக்காமலே சொன்னா.

"வேணாம்க்கா. இன்னும் ரெண்டு பேரு நின்னுக்கிட்டே இருக்காங்க."