பொதுத் தொல்லையின் கடைசிப் பாட்டு

உங்கள் மின்விசிறிக்குப் பேரிங் போய்விட்டது, சார். டக் டக்கென்று சுற்றிக்கொண்டே நடுவில் ஒரு டக்கை முழுங்கிவிடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். மின்சாமான் பழுது பார்ப்பது என் பிழைப்பு, அதனால் காது தானாக அங்கே போகிறது. சரி, நானாக வந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

‘பொதுத் தொல்லை’ என்று ஒரு பங்க் ராக் குழு இருந்தது. பெயர் வைத்தது நாங்கள் இல்லை, உங்கள் போலீஸ் இலாகா. முதல் கச்சேரி முடிந்ததும் எங்கள் மேல் போட்ட வழக்கே அதுதான். ஓசியில் கிடைத்ததை விடுவானேன் என்று வைத்துக்கொண்டோம். பாடியவன் என் தங்கை புருஷன், தொண்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கிடார் வாசித்தவன் இப்போது பல் டாக்டர். அவன் வாசித்தால் அப்போதே கேட்பவர்களுக்குப் பல் கூசும். டிரம்ஸ் நான்.

எங்களில் ஒருவனுக்கும் வாசிக்கத் தெரியாது. தொண்டை ஒரு பக்கம் போவான், நான் ஒரு பக்கம் போவேன், பாட்டு நடுத்தெருவில் நிற்கும். மூடிப்போன கிடங்கு, காலியான சலூன் என்று கிடைத்த இடத்தில் கத்தினோம். வெளியிட்டது ஒரே ஒரு கேசட். வாங்கியவர்களில் பாதிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு வேலை, கல்யாணம், தொப்பை.

இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், இளவட்டங்கள் அந்தக் கேசட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பனியனில் எங்கள் மூஞ்சி. என் கடைக்கே ஒரு பெண் வந்து, “அண்ணே, உங்களுக்கே வாசிக்கத் தெரியலங்கிற தைரியத்துலதான் நாங்களும் ஒரு குழு ஆரம்பிச்சோம்” என்றாள். என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தொண்டை பாட்டு கற்றுக்கொண்டான். யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டு டீச்சரிடம் போய், சுருதி சேர்த்துப் பாட ஆரம்பித்துவிட்டான். அந்த வயதில் ஒரு மனுஷனுக்கு வரக்கூடாத வியாதி.

ஒரு நாள் அவன் வீட்டில் சாப்பிடும்போது சொன்னான். “மச்சான், அந்தக் கேசட்டைக் கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு. எல்லாப் பாட்டையும் ஒழுங்காப் பாடிப் புதுசா விட்டுடலாம். பழசை எங்கேயும் இல்லாம பண்ணிடலாம்.”

“பழசைத்தானே கேக்குறாங்க?”

“அவங்களுக்கு என்ன தெரியும்? அப்புறம், டிரம்ஸுக்கு மட்டும் வேற ஆளைப் பேசியிருக்கேன். கோவிச்சுக்காதே. தாளம் உனக்கு என்னிக்குமே நிக்கல.”

தங்கை என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே சிரித்தாள்.

இந்தக் கடைசிப் பேச்சுக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் நினைத்தது அந்தப் பெண்ணைத்தான். தப்பாக வாசிக்க அவளுக்கு இருந்த ஒரே தைரியத்தை இவன் துடைத்துப்போடப் பார்த்தான்.

புதுப் பதிவைக் கச்சேரியாகவே வைத்தான். ஒயர் வேலையும் ஒலிப்பதிவும் என் தலையில். சொந்தக்காரன் கூலி கேட்க மாட்டான் பாருங்கள். ஒத்திகையில் ஆம்ப்ளிஃபயர் முனகியது. “மச்சான், அந்த முனகலை மட்டும் நிறுத்திடு” என்றான். எர்த் ஒயரைக் கழற்றினால் நிற்கும். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான். கழற்றினேன். கவனக்குறைவு என்று நீங்களே வழக்கை மூடிவிட்டீர்கள். ஆனால் கரண்ட் வரும் இன்னொரு ஒயரையும் நான் இடம் மாற்றியிருந்தேன். உங்கள் ஆட்கள் வருவதற்குள் அதைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கச்சேரி அன்று தொண்டை வழக்கம்போல் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மைக்கை உதட்டோடு பிடித்தான். அந்தப் பழக்கத்தை மட்டும் டீச்சரால் மாற்ற முடியவில்லை. அவன் துடித்ததையும் கூட்டம் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. தங்கை முன்வரிசையில் இருந்தாள். இப்போது அவளை என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் என்று எதற்கு இருக்கிறேன்?

பதிவை நானே வெளியிட்டேன். ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அவனுடைய கடைசி அலறல் சுருதி சுத்தமாக இருந்தது. அப்படியே விட்டால் குழுவின் பேர் என்ன ஆவது? கணினியில் கொஞ்சம் பிசகவைத்தேன். அப்புறம் அந்தப் புது ஆளின் வாசிப்பை எடுத்துவிட்டு என்னுடையதைச் சேர்த்தேன். அதற்காகக் கடையைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் பழகினேன். ஒரு அடி தப்பவில்லை.

இப்போது ஊரே அந்தப் பாட்டின் தாளத்தைப் புகழ்கிறது, அந்தப் புது ஆளின் பெயரைச் சொல்லி. அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது? தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், சார். டிரம்ஸ் நான்.