பிராக்கெட் போடணுமா, வேணாமா?

மதிவதனி: ...அப்ப பிராக்கெட் போடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுடி சபீனா.

சபீனா: வேப்பம்பட்டுல ட்ரெயின் ஏறுனதுலேருந்து உசுர வாங்கினு கீறே. நான் பாட்டுக்கு கொரட்டூர்ல மெடிக்கல் ஷாப்புக்குப் போறவ. மொதல்ல உக்காரு, ஆவடில கூட்டம் ஏறும்.

மதிவதனி: பத்து மணிக்கு அம்பத்தூர் கம்பெனில கோடிங் வேலைக்கு டெஸ்டு. ஒரே ஒரு எடம், ஒரே ஒரு ஆளு. இத உட்டா திரும்பவும் ஸ்க்ரூ கம்பெனில பேக்கிங்தான்.

சபீனா: தெரியும், தெரியும். நோட்டக் காட்டு. இன்னா கேள்வி?

மதிவதனி: பத்து பேரு மார்க்கு ஒரு அர்ரேல, அதான் வரிசையா ஒரே லிஸ்ட்டுல கீது. நாப்பதுக்கு மேல வாங்குனவங்கள மட்டும் பிரிக்கணும். ஃபில்டர் போட்டுட்டேன். அதுக்குள்ள, நாப்பதுக்கு மேலயான்னு பாக்க 'செக்'னு நான் எழுதுன ஃபங்ஷனக் குடுக்கணும்...

சபீனா: அதான் கால்பேக், ஒரு ஃபங்ஷனையே இன்னொண்ணு கையில குடுக்கறது. ஆறு மாசமா ஆவடி கம்ப்யூட்டர் கிளாஸ்ல சார் தொண்ட கிழியக் கத்துனாரே.

மதிவதனி: கத்துனாரு. நீ மொத பெஞ்சு. நான் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கிகினு இருந்தேன்.

சபீனா: குறட்ட வேற!

மதிவதனி: ஐயே, போடி! சொல்லு... அந்த 'செக்'குக்குப் பின்னாடி பிராக்கெட் போடணுமா?

சபீனா: பிராக்கெட்டா... அது வந்து...

மதிவதனி: இன்னாடி, மறந்துட்டியா?

சபீனா: இல்ல, இரு... ஆவடி தாண்டிச்சா?

மதிவதனி: அன்னனூரே வந்துடுச்சு. சொல்லுடி, நேரமில்ல.

சபீனா: ...போடாதே.

மதிவதனி: நெசமா?

சபீனா: போட்டா அந்த எடத்துலயே ஃபங்ஷன் ஓடி முடிஞ்சுடும். ஃபில்டருக்கு வெறும் பதில்தான் போவும். அத வச்சுகினு அது இன்னா பண்ணும்? நம்ம பெட்டில டிக்கெட் செக்கருங்க சீசன் பாஸ் பாக்க வருவாங்கல்ல... எப்படிப் பாக்கணும்னு சொல்லி அனுப்புனா போதும். ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்களே போய்ப் பாத்துப்பாங்க. நீ முந்திரிக்கொட்ட மாதிரி முன்னாடி ஓடாதே.

மதிவதனி: மேப்புக்கும் இதேதானா?

சபீனா: அதே. ஃபில்டர் பிரிக்கும், மேப்பு ஒவ்வொண்ணையும் மாத்தி புது லிஸ்ட் குடுக்கும். சுருள் பிராக்கெட் போட்டு ஃபங்ஷன எழுதுனா, பதிலத் திருப்பிக் குடுக்கற ரிட்டர்ன மறக்காதே. இத மறந்துதான் எல்லாரும் மாட்றது.

மதிவதனி: இதையும் சொல்லிட்டியா... சரி, அம்பத்தூர் வந்துடுச்சு. வர்ட்டா?

சபீனா: இரு. நானும் இங்கதான் எறங்கறேன்.

மதிவதனி: மெடிக்கல் ஷாப்பு?

சபீனா: லீவு சொல்லிட்டேன். மதி... அந்த டெஸ்டுக்கு என்னையும் கூப்ட்டுருக்காங்கடி. சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல. நீ கேட்டப்ப, 'பிராக்கெட் போடு'ன்னு சொல்லிட்டா இன்னான்னு ஒரு நிமிசம் தோணிச்சு. அல்லா மேல சத்தியமா தோணிச்சு. எனக்கும் அந்த எடம் வேணும்டி. கோவமா?

மதிவதனி: நான் எங்கடி கோவப்பட? நேத்தே சார் மேசையில டெஸ்டுக்குக் கூப்ட்டவங்க லிஸ்ட்டப் பாத்துட்டேன், உன் பேரு கீது. பிராக்கெட் போடக்கூடாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். நீ மாத்திச் சொல்றியான்னு பாக்கத்தான் கேட்டுகினே வந்தேன்... வெக்கமா கீது சபீனா. எறங்கு, வண்டிய எடுத்துடப் போறான்.