பொக்கெட்டில் இருந்த கிளாம்ப்

கிட்ட வாருங்கள், மெதுவாகத்தான் சொல்வேன். இது எங்கள் றேணுகாவின் மச்சான் டெரிக்குக்கு நடந்தது...

இரவு ஒன்றரை மணி. ஹெந்தளைக் கடற்கரைப் பாதை. ஒரு நாய்கூட இல்லை. லெப்பில், அதுதான் ஆய்வுகூடத்தில், வேலை முடித்து, வீட்டுக்குப் போக த்ரீவீல் தேடி நடந்துகொண்டிருந்தான் டெரிக். பொக்கெட்டில் ஏதோ தொடையில் இடித்தது. கையை விட்டான்.

கிளாம்ப்.

ஓவனுக்குள் இருக்க வேண்டிய கிளாம்ப்...

கார்பன் தகட்டில் நகத்தளவு சென்சரை ஒட்டுவதுதான் அவன் வேலை. சூட்டில் தகடு எவ்வளவு இழுபடுகிறது என்று அது காட்டும். ஓவனில் பசை இறுகும்வரை சென்சரை இந்தக் கிளாம்ப் என்கிற இரும்புப் பிடி அமத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் காற்றுக் குமிழி... தகடு குப்பை. பசை பிடிக்கவென்று இரண்டு தகட்டை ஏற்கெனவே அளவுக்கு மீறித் தேய்த்துக் கெடுத்திருந்தான். இது கடைசி. இதுவும் போனால் காலையில் வேலை போகும். வீட்டில் மனைவி டில்ஷானிக்கு வயிற்றில் எட்டு மாதம்.

போன் எடுத்தான். "கிளாம்ப் போட மறந்திட்டன், டில்ஷானி."

"உங்கட தலையும் பொக்கெட்டிலயோ கிடக்கு?" சிரித்தாள். அவன் மூச்சைக் கேட்டதும் நிறுத்தினாள். "ஓடுங்க. ஓடுங்க!"

ஓடினான். லெப் கதவு விரல் வைத்தால்தான் திறக்கும். பீப். 'டெரிக் – உள்ளே.'

ஓவன் நூற்றெழுபது டிகிரி காட்டியது. இப்போது திறந்தால் தகடு கோணிவிடும். ஓவன் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதான். அதே இடத்தில்தான் போன மாசியில், அவனுக்கு முன் இந்த வேலை பார்த்த ரெனால்ட் செத்தார். கிளாம்பை நம்பாத மனிதர். முதலில் பெருவிரலால்தான் அமத்துவார். அப்படி அமத்தியபடியே நெஞ்சு வலித்து விழுந்தவர்.

"ரெனால்ட் அண்ணே... இந்த ஒருக்கா மட்டும் பிடிங்க. என்ன வேணுமெண்டாலும் தாறன்."

ஓவன் விசிறி நின்றது.

டிக்... டிக்...

ரெனால்ட் எப்போதும் பூசிய தைலத்தின் வாசம். பிறகு, கருகின தோல் மணம். டெரிக்கின் வலது பெருவிரல் சுட்டது... எதையும் தொடாமலே.

காலையில் தகட்டில் ஒரு குமிழி இல்லை. மனேஜர் முதுகில் தட்டினார். "மல்லி, தம்பி, இனி இந்த வேலையில நீ பேர்மனன்ற்!"

வீட்டுக்குப் போகக் கதவில் அந்தச் சுட்ட பெருவிரலை வைத்தான். பீப்.

'ரெனால்ட் – வெளியே.'

மெஷின் பிழையென்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பதிவில் இன்றுவரை, டெரிக் உள்ளேதான்...

டில்ஷானி றேணுகாவிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவன் தலையணையில் அந்தத் தைல வாசமாம்.