இரண்டு அங்குலம் துணி

லவினியா: "உடைக் கைக்குள்ள ரெண்டு அங்குலம் துணி கூடுதலா மடிச்சு விடட்டுமா?"ன்னு கேட்டீங்களே மிஸ் டேபிதா, என் கல்யாண உடைக்கு அளவெடுத்தப்போ... ஞாபகம் இருக்கா?

டேபிதா: இந்த ஊர்ல நான் உடை தைக்காத பொண்ணு யாரு? எல்லாரையும் ஏதாவது கேட்டிருப்பேன்.

லவினியா: நான் சிரிச்சேன். "வேண்டாம், இனிமே நான் என்ன வளரவா போறேன்?"ன்னேன்.

டேபிதா: உங்கம்மாவும் சிரிச்சாங்க. என் வாயில ஊசி இருந்துச்சு... நான் சிரிக்கல.

லவினியா: இப்ப அந்த ரெண்டு அங்குலம் வேணும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு இதைத்தான் போட்டுக்கணுமாம். அவர் சொல்லிட்டார். மணிக்கட்டு மூடணும்.

டேபிதா: ஜூன் மாசத்துலயா?

லவினியா: எனக்கு எப்பவும் குளிருது.

டேபிதா: ம்... கையுறையைக் கழட்டுங்க, அளவெடுக்கணும்.

லவினியா: பழைய அளவு போதாதா?

டேபிதா: கழட்டுங்க... என்ன இது?

லவினியா: அடுப்புல சுட்டுக்கிட்டேன்.

டேபிதா: வீட்டுல மூணு வேலைக்காரங்க. அதுல அடுப்புகிட்ட நீங்க போனீங்க... அந்த அடுப்புக்கு அஞ்சு விரல் வேற இருக்கு.

லவினியா: சீக்கிரம் பண்ணுங்க. வண்டி வாசல்ல நிக்குது. கால் மணி நேரம்தான் கொடுத்திருக்கார்.

டேபிதா: கொஞ்ச நாள் அம்மா வீட்டுல போய் இருக்கலாமே.

லவினியா: போனேன். அம்மா டீ கொடுத்தாங்க. அப்பா கூடவே வந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டார். புருஷனை விட்டுப் போறதா இருந்தா தனியாத்தான் போகணுமாம். பிள்ளை அதைப் பெத்த தகப்பனுக்குத்தான் சொந்தமாம், சட்டம் அப்படியாம். எட்வின் இப்பத்தான் உட்காரவே ஆரம்பிச்சிருக்கான்...

டேபிதா: கையை இப்படி நீட்டுங்க... ரெண்டு அங்குலம் சரியா இருக்கும்.

லவினியா: விடுங்க. இதே பட்டு கிடைக்குமா? லண்டன்ல சொல்லி வாங்கணுமா?

டேபிதா: வாங்க வேண்டாம். இந்தத் தையலைப் பிரிச்சாப் போதும்... இதோ.

லவினியா: உள்ளேயே இருக்கு... நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?

டேபிதா: சொன்னீங்க.

லவினியா: அப்புறம் ஏன் வெச்சீங்க? ... மிஸ் டேபிதா, துணியைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. ஏன்?

டேபிதா: உங்க வீட்டுக்காரர் மிஸ்டர் பிரௌஸோட மொதல் மனைவி எலினரம்மாவுக்கும் நான்தான் தைச்சேன். மொதல்ல கையை ரெண்டு அங்குலம் இறக்கச் சொன்னாங்க. அடுத்த வருஷம் கழுத்துப் பட்டையை உயர்த்தச் சொன்னாங்க.

லவினியா: அவங்க காய்ச்சல்ல போனாங்கன்னு...

டேபிதா: ஊர் சொல்லிச்சு. நானும் சொன்னேன். அவரைப் பார்த்தா பாதிரியாரே எழுந்து நிக்கற ஊர் இது. நான் வாயைத் திறந்திருந்தா அப்புறம் என் கடைப் படியை யார் மிதிப்பா? "எதுக்கு ரெண்டு அங்குலம்?"னு நீங்க ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்... அப்படித்தான் இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீங்க சிரிச்சீங்க, நான் துணியை மடிச்சுத் தைச்சிட்டேன். ... உடையை ஏன் எடுக்கறீங்க? இன்னும் ஒரு கை பிரிக்கணும். லவினியாம்மா, கையுறையை விட்டுட்டுப் போறீங்களே... சந்தை நாளு, தெரு பூரா ஜனம். கையை எல்லாரும் பாப்பாங்க... ஒரு வார்த்தை... என்னைத் திட்டிட்டாவது போங்க.